இணைய வாணிகமும் விலைச் சரித்திரமும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று மாலை தங்கள் முன்னிலையில் சில வார்த்தைகள் கூறும்படி காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். நான் எடுத்துக்கொண்ட விஷயம் மிகச் சாதாரணமானது போலத் தோன்றும். இணையக் கடைகளில் சரக்கு வாங்குவோர், விலையின் ஏற்றத் தாழ்வை அறிந்து வாங்கிப் பொருளை மீத்துக்கொள்ளும் வழி யாது என்பதே அது. கல்வி நிதியும் கலியாண உதவியும் பேச வேண்டிய சபையில் கடைச் சரக்கின் விலையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். நமது கல்வி நிதிக்கு வீட்டுக்கு வீடு சென்று நூறும் இருநூறுமாகச் சேர்க்கின்றோம். அவ்வீடுகளிலேயே ஆடி மாதம் தொடங்கித் தீபாவளி வரையிலும், பின்னர் தை முகூர்த்தங்கள் வரையிலும், கைப்பேசித் திரையின் வாயிலாக ஆயிரக் கணக்கான ரூபாய் கேள்வி முறையின்றி வெளியே செல்கின்றது. சேர்ப்பதில் காட்டும் சிரத்தையில் ஒரு பங்கைச் செலவழிப்பதிலும் காட்டினால், பல பிள்ளைகளின் பள்ளிச் சம்பளம் வீட்டிலேயே கிடைத்துவிடும். ஆகையால் இவ்விஷயம் சங்கத்தின் விசாரணைக்கு உரியதே என்பது என் துணிபு.

விலை என்பது முற்காலத்தில் இரு மனிதர் முகம் பார்த்துப் பேசி முடித்துக்கொள்வதாய் இருந்தது. விற்பவர் ஒரு தொகை சொல்லுவார். வாங்குபவர் குறைத்துக் கேட்பார். இருவர் மனமும் ஒத்த இடத்தில் கிரயம் முடியும். இம்முறையில் பேரம் பேசத் தெரிந்தவன் பிழைத்தான். தெரியாத ஏழையும் குழந்தையும் ஏமாந்தனர். இக்குறையை நீக்கும் பொருட்டே பொருளின்மீது விலைச் சீட்டை ஒட்டி, எல்லாருக்கும் ஒரே விலை என்னும் வழக்கம் மேல்நாடுகளில் பரவியது. பாரிஸ் நகரத்தில் 1852-ஆம் ஆண்டு முதல் பான் மார்ஷே என்னும் கடையைப் பெருக்கிய அரிஸ்டைட் பூசிகோ என்பவரும், 1861-ல் பிலடெல்பியா நகரில் கடை திறந்த ஜான் வானமேக்கர் என்பவரும் இவ்வழக்கத்தைப் பிரசித்தப்படுத்தியவர்களுள் முக்கியமானவர்கள். நமது தேசத்திலும் பொட்டணச் சரக்குகளின்மேல், எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்சச் சில்லறை விலையை அச்சிட வேண்டுமென்று 1990-ல் விதி செய்யப்பெற்றது. அதனையே நாம் எம்.ஆர்.பி. என்று வழங்குகின்றோம். அவ்விலைக்கு மேல் விற்றல் குற்றம். கீழே விற்கத் தடையில்லை.

இணைய வாணிகம் வந்த பின்னர், நிலையான விலை என்னும் அவ்வழக்கம் மெல்ல மெல்லத் தளர்ந்துவிட்டது. நமது நாட்டில் பிளிப்கார்ட் 2007-லும், அமேசானின் இந்தியக் கடை 2013-லும் தோன்றின. இத்தகைய கடைகளில் விலைச் சீட்டு காகிதத்தில் இல்லை, கணினியில் இருக்கின்றது. அதை மாற்றுவதற்கு ஆள் வேண்டியதில்லை, நேரமும் வேண்டியதில்லை. போட்டிக் கடையின் விலை, கையிருப்பு, மக்கள் தேடும் வேகம் முதலியவற்றைக் கொண்டு கணினியே விலையை ஏற்றவும் இறக்கவும் செய்கின்றது. காலையில் கண்ட விலை மாலையில் இராது. பழைய பேரம் திரும்பி வந்துவிட்டதென்றே சொல்லலாம். ஆயின், இப்பேரத்தில் விற்பவர் தரப்பில் உறங்காத கணக்கன் ஒருவன் இருக்கின்றான். வாங்குபவர் தரப்பில் ஒருவரும் இல்லை.

கணினி தானே விலை வைப்பதன் விந்தைக்கு ஓர் உதாரணம் கூறுவேன். ஈயின் உடல் எவ்வாறு உருவாகின்றது என்பதைப் பற்றிப் பீட்டர் லாரன்ஸ் என்னும் விஞ்ஞானி எழுதிய நூலொன்றை, 2011-ஆம் ஆண்டில் அமேசானின் அமெரிக்கக் கடையில் இரு வியாபாரிகள் விற்பனைக்கு வைத்திருந்தனர். ஒருவருடைய கணினி, மற்றவர் விலைக்குச் சிறிதே குறைவாக வைக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. மற்றவருடைய கணினியோ, முன்னவர் விலையைப்போல் ஏறக்குறைய 1.27 மடங்கு வைக்கும்படி அமைந்திருந்தது. ஒன்றைப் பார்த்து ஒன்று ஏற்ற, அந்நூலின் விலை இரண்டு கோடியே முப்பத்தாறு லட்சம் டாலருக்கு மேற்சென்றது! மனிதர் ஒருவர் கவனித்த பிறகே அது இறங்கிற்று. இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது யாதெனின், திரையில் காணும் எண் பொருளின் மதிப்பன்று, அக்கணத்தில் ஒரு கணக்கு விடுத்த விடையே என்பதாம்.

இந்த நிலையில் வாங்குவோருக்குத் துணையாக ஏற்பட்டவையே விலையைப் பின்தொடரும் கருவிகள். இவை செய்யும் வேலை மிக எளியது. ஒரு பொருளின் பக்கத்தை அடிக்கடி பார்த்து, அன்றைய விலையைத் தேதியுடன் குறித்து வைக்கின்றன. பல மாதக் குறிப்புகளை ஒரு கோட்டுப் படமாக நமக்குக் காட்டுகின்றன. அமெரிக்கா முதலிய நாடுகளில் கேமல்கேமல்கேமல் என்னும் தளம் 2008 முதல் இவ்வேலையைச் செய்து வருகின்றது. கீப்பா என்னும் ஜெர்மானியக் கருவி, நமது நாட்டு அமேசான் கடையின் விலைகளையும் குறித்து வைக்கின்றது. பைஹட்கே என்னும் இந்தியக் கருவி அமேசான், பிளிப்கார்ட் முதலிய பல கடைகளைப் பார்க்கின்றது. பொருளின் இணைப்பை நகலெடுத்து இத்தளங்களில் இட்டால், அதன் விலைச் சரித்திரம் கண்முன் வரும். இன்ன விலைக்கு இறங்கினால் தெரிவி என்று சொல்லி வைத்தால், இறங்கிய அன்று செய்தி அனுப்பும்.

இப்படத்தைப் படிக்கும் முறையை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குகிறேன். ஒரு மாவரைக்கும் இயந்திரம், அதன் எம்.ஆர்.பி. 6,000 ரூபாய். பண்டிகை விற்பனையில் 3,600 ரூபாய்க்குத் தருவதாகவும், நூற்றுக்கு நாற்பது தள்ளுபடி என்றும் பெரிய எழுத்தில் விளம்பரம் காண்கின்றோம். 2,400 ரூபாய் இலாபம் என்று மனம் துள்ளுகின்றது. விலைச் சரித்திரத்தைத் திறந்து பார்க்கின்றோம். சென்ற ஆறு மாதமும் அது 3,300-க்கும் 3,500-க்கும் இடையிலேயே விற்றிருக்கின்றது. பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பு 4,200-க்கு ஏறி, இப்பொழுது 3,600-க்கு இறங்கியிருக்கின்றது. அப்படியாயின் கிடைத்தது தள்ளுபடியா? இல்லை; சாதாரண நாளில் வாங்கியிருந்தால் கொடுக்க வேண்டியதற்கு மேல் நூறு ரூபாயேனும் அதிகமாகக் கொடுக்கின்றோம். எம்.ஆர்.பி. என்பது சட்டம் அனுமதித்த உச்சவரம்பு. அவ்வரம்பிலிருந்து கீழே அளந்து காட்டுவது தள்ளுபடியைப் பெரிதாகக் காட்டும் உபாயம். நாம் அளக்க வேண்டுவது, அப்பொருள் வழக்கமாக விற்ற விலையிலிருந்து.

ஐரோப்பிய நாடுகள் இதனைச் சட்டத்திலேயே கொண்டுவந்துவிட்டன. 2019-ல் இயற்றி 2022 மே மாதம் 28-ஆம் தேதி முதல் அமுலுக்கு வந்த விதிப்படி, விலைக் குறைப்பை விளம்பரம் செய்யும் வியாபாரி, அதற்கு முந்திய முப்பது நாட்களில் தாம் விற்ற மிகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும். வெறுமனே காட்டினால் போதாது, நூற்றுக்கு இத்தனை என்னும் கணக்கையும் அவ்விலையிலிருந்தே போட வேண்டுமென்று ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அங்கே சட்டம் செய்யும் வேலையை இங்கே நாம் விலைச் சரித்திரத்தைப் பார்த்து நாமே செய்துகொள்ளலாம்.

படத்தில் பார்க்க வேண்டியவை நான்கு. முதலாவது, மிகத் தாழ்ந்த விலை. ஆனால் அது ஒரு நாள் மட்டும், ஒரு சிலருக்கு மட்டும் கிடைத்ததாக இருக்கலாம். ஆகையால் அதையே பிடிவாதமாக எதிர்பார்த்துக் காத்திருத்தல் தகாது. இரண்டாவது, பெரும்பாலான நாட்களில் இருந்த விலை. இதுவே நமக்கு உரைகல். மூன்றாவது, ஆண்டில் எத்தனை முறை, எந்த மாதங்களில் விலை இறங்கிற்று என்பது. அடிக்கடி இறங்கும் பொருளுக்கு அவசரமே வேண்டியதில்லை. நான்காவது, விற்பவர் யார் என்பது. ஒரே பக்கத்தில் பல வியாபாரிகள் விற்பர். விலை இறங்கியதற்குக் காரணம் கீர்த்தியற்ற புதிய வியாபாரி ஒருவர் வந்ததாகவும் இருக்கலாம்.

வரி மாறுதலையும் மறக்கலாகாது. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் குளிர்சாதன இயந்திரங்கள், பெரிய தொலைக்காட்சிப் பெட்டிகள் முதலியவற்றின் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரியின்றி 30,000 ரூபாய் பெறும் பொருள் அதற்கு முன் 38,400-க்கு விற்றது. அதன் பின் 35,400-க்கு விற்க வேண்டும். இந்த மூவாயிரமும் சர்க்கார் விட்டுக்கொடுத்ததே தவிர வியாபாரி கொடுத்ததன்று. அத்தேதிக்கு முன்னும் பின்னுமுள்ள விலைகளை ஒப்பிடும்போது இதனைக் கழித்துப் பார்த்தல் வேண்டும்.

இனி, இக்கருவிகள் காட்டாதவற்றையும் கூறுதல் என் கடமை. வங்கி அட்டைக்குத் தரும் கழிவு, பழைய பொருளைக் கொடுத்துப் பெறும் கழிவு, அனுப்புங்கூலி, கையாளும் கட்டணம் ஆகியவை பெரும்பாலும் இப்படத்தில் சேர்வதில்லை. ஆகவே பணம் செலுத்தும் கடைசிப் பக்கத்திலுள்ள மொத்தத் தொகையே உண்மை விலை. அளவும் கவனிக்கத்தக்கது. ஒரு லிட்டர் எண்ணெய்ப் பொட்டணம் பழைய விலையிலேயே இருந்து, உள்ளே 900 மில்லி லிட்டராகச் சுருங்கியிருந்தால், படத்தில் கோடு நேராகவே ஓடும். நமது பணம் மட்டும் கசியும். கிலோவுக்கு என்ன, லிட்டருக்கு என்ன என்று கணக்கிட்டுப் பார்ப்பதே இதற்கு மருந்து.

மேலும், இக்கருவிகளை இலவசமாகத் தருகின்றார்களே, அவர்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகின்றது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். அவர்கள் காட்டும் இணைப்பின் வழியே நாம் சென்று வாங்கினால், கடைக்காரர் அவர்களுக்குத் தரகு கொடுக்கின்றார். இதில் இழிவில்லை, ஆனால் நாம் வாங்கினால்தான் அவர்களுக்கு இலாபம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கழிவுச் சீட்டுகளைத் தேடித் தரும் ஹனி என்னும் கருவியை பேபால் நிறுவனம் சுமார் 400 கோடி டாலர் கொடுத்து வாங்கிற்று. 2020 ஜனவரியில் அக்கிரயம் முடிந்தது. இலவசமாகத் தரப்படும் ஒன்றுக்கு அவ்வளவு மதிப்பு இருக்குமாயின், நாம் எதை வாங்குகின்றோம், எதைப் பார்க்கின்றோம் என்னும் செய்திக்கு எவ்வளவு மதிப்பு என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள். உலாவியில் பொருத்தும் கருவிகள், நாம் திறக்கும் பக்கங்களைப் படிக்க அனுமதி கேட்கும். ஆகையால் பெயர் தெரியாத செயலிகளை ஏற்ற வேண்டாம். பொருளின் இணைப்பைத் தளத்தில் இட்டுப் பார்ப்பதே பெரும்பாலோர்க்குப் போதும். எக்காரணத்தாலும் வங்கி எண்ணையும் ரகசிய எண்ணையும் இவற்றுக்குக் கொடுக்க வேண்டாம்.

பண்டிகை விற்பனைகளின் இயல்பையும் சிறிது ஆராய்வோம். 2014 அக்டோபர் 6-ஆம் தேதி பிளிப்கார்ட் தனது முதல் பெரு விற்பனை நாளை நடத்திற்று. கூட்டம் தாங்காமல் தளம் தடுமாறியது. பல சரக்குகள் சில நிமிஷங்களில் தீர்ந்தன. விலை மாறுதல்களைப் பற்றியும் வாடிக்கையாளர் முறையிட்டனர். மறுநாளே அதனை நிறுவியவர்கள் வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். அதன் பின் ஆண்டுகள் பல சென்றன, தளங்கள் உறுதிப்பட்டன, ஆனால் அவசரம் என்னும் தூண்டில் அப்படியே இருக்கின்றது. "இன்னும் இரண்டே மிச்சம்", "பத்து நிமிஷத்தில் முடியும்" என்று திரையில் ஓடும் வாசகங்களை எண்ணிப் பாருங்கள். பொய்யாக அவசரம் காட்டுதல், கேளாத பொருளைக் கூடையில் சேர்த்தல், கட்டணத்தைக் கடைசியில் வெளிப்படுத்துதல் முதலான பதின்மூன்று தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரசபை 2023 நவம்பரில் தடை செய்து நெறிமுறைகள் வெளியிட்டது. 2020-ஆம் ஆண்டின் மின்வாணிக விதிகளின்படி, மொத்த விலையை ஒரே எண்ணாகவும் அதன் உட்பிரிவுகளுடனும் காட்டுதல் விற்பவர் கடமை. குறைகள் இருப்பின் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். முறையீட்டுக்குச் சான்று வேண்டுமாதலால், வாங்கும் நாளில் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுதல் நலம்.

சகோதரிகளே! இதுவரை நான் சொன்னவை கணக்கு. இனிச் சொல்லப்போவதே என் பேச்சின் உயிர். நமது குடும்பங்களை வருத்துவது விலையன்று, கடன். பெண்ணுக்குச் சீர் வைக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டி வேண்டும், துவைக்கும் இயந்திரம் வேண்டும், கட்டில் பீரோ வேண்டும். முகூர்த்தத்திற்கு இருபது நாளே இருக்கின்றது. கையில் ரொக்கம் இல்லை. இந்த நேரத்தில் வட்டியில்லாத் தவணை என்னும் சொல் அமிர்தம்போல் இனிக்கின்றது. வட்டியே இல்லாத தவணை என்று ஒன்று உண்மையில் இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எடுத்துரைத்தது. இப்போது நடப்பது, வட்டியளவு தொகையை விலையில் கழித்துக் காட்டிப் பின்னர் வங்கி வட்டி வாங்குவதே. அவ்வட்டி 1,800 ரூபாய் என்று கொள்வோம். அதன்மேல் நூற்றுக்குப் பதினெட்டு வீதம் 324 ரூபாய் ஜி.எஸ்.டி. நம் தலையில் விழும். பல வங்கிகள் தனிக் கட்டணமும் வாங்கும். ரொக்கமாகக் கொடுத்தால் அதே கழிவு கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். ஒரு தவணை தவறினாலோ, அபராதமும் உயர்ந்த வட்டியும் சேர்ந்து, விலைப் படத்தில் மீத்த அவ்வளவையும் விழுங்கிவிடும். கலியாணம் முடிந்து பெண் புக்ககம் சென்ற பின்னும், பெற்றோர் மாதந்தோறும் அவளது துவைக்கும் இயந்திரத்திற்குத் தவணை கட்டிக்கொண்டிருத்தல் பெருமையாகுமா?

இதற்குப் பரிகாரம் முன்னதாகத் திட்டமிடுதலே. நிச்சயதார்த்தம் முடிந்த வாரத்திலேயே, தேவையான பொருள்களின் பட்டியலை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, விலைச் சரித்திரம் காட்டும் வழக்கமான விலையையும், நாம் கொடுக்கச் சம்மதிக்கும் விலையையும் குறியுங்கள். அறிவிப்பு வைத்துவிட்டு மாதாமாதம் பணத்தைச் சேருங்கள். மூன்று நான்கு மாத அவகாசம் இருப்பவனுக்கு விலை இறங்கி வரும். இருபது நாளே இருப்பவன் கேட்ட விலையைக் கொடுக்க நேரும். பட்டியலில் இல்லாத பொருள் எவ்வளவு மலிவாக வந்தாலும் அதைத் தொடாதீர்கள். பாதி விலைக்குக் கிடைத்ததென்று வேண்டாத பொருளை வாங்குகிறவன் பாதியை மீத்தவனல்லன், மறுபாதியை இழந்தவன். விலை இறங்கிற்று என்று கருவி அனுப்பும் செய்தியே சிலருக்குப் புதிய சபலமாகிவிடுகின்றது. விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுவதை ஒக்கும் அது.

கைப்பேசியில் பழக்கமில்லாத தாய்மார்கள், இது நமக்கு ஆகாது என்று ஒதுங்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு என்று வீட்டில் மாதந்தோறும் வாங்கும் பதினைந்து இருபது சாமான்களின் விலையை, வாங்கும் நாளில் எடையுடன் எழுதி வாருங்கள். ஆறு மாதத்தில் அப்புத்தகம் எந்தக் கருவிக்கும் இளைத்ததாக இராது. எங்கே, எப்பொழுது, என்ன விலை என்பதை அது மறவாமல் சொல்லும். பேரப்பிள்ளைகளுக்குக் கணக்கும் இதனால் படியும்.

இந்தச் சபையில் சிறு கடை நடத்தும் அங்கத்தினர்களும் இருக்கின்றீர்கள். நான் பேசுவது தங்கள் வாயில் மண் போடுவதாகுமோ என்று ஐயுற வேண்டாம். விலைச் சரித்திரம் நேர்மையான கடைக்காரருக்கும் துணையே. இணையத்தில் நாற்பது சதவீதத் தள்ளுபடி என்று கண்டு தங்களிடம் வந்து வாதாடும் வாடிக்கையாளருக்கு, அதன் வழக்கமான விலை இதுதான் என்று படத்தைக் காட்டித் தங்கள் விலையின் நியாயத்தை மெய்ப்பிக்கலாம். வாங்குவோருக்கும் ஒன்று கூறுவேன். பக்கத்துக் கடையில் பொருளைத் தொட்டுப் பார்த்து, விளக்கமெல்லாம் கேட்டு, பின் வீட்டுக்கு வந்து வேறிடத்தில் வாங்குதல் தருமமன்று. இணையத்தில் இன்ன விலை காண்கின்றேன், தங்களால் எவ்வளவு குறைக்க இயலும் என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். இருநூறு முந்நூறு ரூபாய் வித்தியாசமாயின், பழுது வந்தால் ஓடி வந்து பார்க்கும் மனிதருக்கு அதனைக் கொடுப்பது நஷ்டமாகாது. விலை மலிவு ஒன்றே பார்த்து ஊர்க் கடைகளெல்லாம் மூடிவிட்டால், நாளை விலை கேட்பதற்கு இடமிராது.

முடிவாக, சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள்கள் செய்துகொள்கிறேன். முதலாவது, கல்லூரியில் படிக்கும் நமது இளைஞர்களில் நால்வர், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கக் கட்டடத்தில் இருந்து, முதியோருக்கும் தாய்மார்களுக்கும் விலைச் சரித்திரம் பார்த்துச் சொல்லும் தொண்டை ஏற்க வேண்டும். இரண்டாவது, கலியாணப் பத்திரிகை கொடுக்க வரும் குடும்பங்களிடம், சீர்ப் பட்டியல் எழுதியாயிற்றா, தவணையில்லாமல் முடியுமா என்று நமது நிர்வாகிகள் அன்போடு விசாரிக்க வேண்டும். மூன்றாவது, இவ்வழியால் மீந்த பணத்தில் நூற்றுக்குப் பத்து கல்வி நிதிக்குச் சேர வேண்டும். கொடுத்தவர் கையும் குறையாது, பெற்ற பிள்ளையும் உயரும்.

வியாபாரி விலையை ஏற்றுவதும் இறக்குவதும் அவர் தொழில். எப்பொழுது வாங்குவது, வாங்காமல் இருப்பது என்று தீர்மானிப்பது நமது உரிமை. அவ்வுரிமையை அவசரத்திடமும் ஆடம்பரத்திடமும் ஒப்படைத்துவிடாமல், அறிவின் துணைகொண்டு நாமே செலுத்துவோமாக.